விலை ஏறிவிட்டது, ஒப்பந்தம் மாறவில்லை: நஷ்டம் யாருக்கு?

கேள்வி இதுதான். இரண்டு தரப்பும் நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. பிறகு போரோ, தொற்றுநோயோ, அரசுத் தடையோ வந்து எல்லாக் கணக்கையும் புரட்டிப் போடுகிறது. "இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்" என்கிறார் நஷ்டப்படுபவர். சட்டம் அவரை விடுவிக்குமா? ஃபோர்ஸ் மெஜூர் ஷரத்து, அதாவது கட்டுப்பாட்டுக்கு மீறிய நிகழ்வு வந்தால் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் விதி, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பெரும்பாலும் விடுவிக்காது என்பதுதான் ஒருவரிப் பதில். ஏன் என்று புரிய, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். நடந்தது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது நீதிமன்றத்துக்கு இரண்டாவது விஷயம். அந்த ரிஸ்க்கை ஒப்பந்தம் ஏற்கெனவே யார் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது என்றுதான் முதலில் தேடும். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்பீர்கள். எழுதியிருக்கிறீர்கள்: விலை. ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்று பேசும்போதே, சந்தை ஏறினால் விற்பவர் பாடு, இறங்கினால் வாங்குபவர் பாடு என்றும் சேர்த்துப் பேசியாயிற்று. நிலையான விலை கேட்பதே அந்த நிம்மதிக்காகத்தான். சந்தை ஏறியதும் விற்பவரை விடுவித்தால், வாங்கியவர் காசு கொடுத்து வாங்கிய நிம்மதியை நீதிமன்றமே பிடுங்கிக் கொடுத்ததாகிவிடும். சந்தை இறங்கியிருந்தால் இதே விற்பவர் லாபத்தில் பங்கு கொடுக்க வந்திருப்பாரா?

இந்தப் பார்வையின் முரட்டு வடிவம் இங்கிலாந்தில் 1647இல் முடிவான பாரடைன் எதிர் ஜேன் வழக்கு. உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படை குத்தகை நிலத்தைப் பிடித்துக்கொண்டு குத்தகைதாரரை விரட்டிவிட்டது. நிலத்தில் கால் வைக்கவே முடியாத காலத்துக்கும் குத்தகைப் பணம் கேட்டார் சொந்தக்காரர். கொடுத்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். தானாக முன்வந்து ஏற்ற கடமைக்கு விலக்கு வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கலாம்; தற்செயலாக லாபம் வந்தால் அது குத்தகைதாரருக்கு என்றால், தற்செயலாக வரும் நஷ்டமும் அவருக்கே.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1947 பிரிவினையில் குத்தகை நிலம் பாகிஸ்தான் பக்கம் போய், குத்தகைதாரர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு வழக்கு நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார். 1968இல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. குத்தகை என்பது வெறும் வாக்குறுதியல்ல, உரிமை கைமாறி முடிந்துபோன விஷயம். ஆகவே, நிறைவேற்ற முடியாமல் போகும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அங்கே எட்டாது என்பது காரணம். 2020 ஊரடங்கில் மூடிக்கிடந்த கடைக்கு வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டவரிடம் டெல்லி உயர் நீதிமன்றமும் இதையே சொல்லி, கட்டும் கெடுவை மட்டும் கொஞ்சம் தளர்த்தியது. குத்தகை, வாடகை விஷயத்தில் பாரடைன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

மற்ற ஒப்பந்தங்களில் கதவு கொஞ்சம் திறந்தது 1863இல், டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கில். லண்டனின் சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கை நான்கு நாள் கச்சேரிக்கு, நாளுக்கு 100 பவுண்டு என்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் கச்சேரிக்கு ஆறு நாள் முன்பு, 1861 ஜூன் 11 அன்று, அரங்கு எரிந்து சாம்பலானது. யார் மீதும் தவறில்லை. அரங்கு இருக்கும் என்ற எண்ணத்தின் மேல்தான் இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டார்கள், அது சொல்லாமலே உள்ளடங்கிய நிபந்தனை என்றார் நீதிபதி பிளாக்பர்ன். இரு தரப்பும் விடுபட்டார்கள். ஆங்கிலச் சட்டம் ஃப்ரஸ்ட்ரேஷன் என்று அழைக்கும் கோட்பாட்டின் விதை இது. ஒப்பந்தத்தின் அடித்தளமே காணாமல் போனால் ஒப்பந்தமும் தானாக முடிந்துவிடும்.

அடித்தளம் எது என்பதில்தான் சண்டையெல்லாம். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஒத்திப்போனதால் கிளம்பிய வழக்குகளை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஊர்வலம் ஜூன் 26, 27 தேதிகளில். பால் மால் தெருவில் 56ஏ எண் வீட்டில், ஊர்வலம் பார்க்க ஜன்னல்கள் வாடகைக்கு என்று அறிவிப்புத் தொங்குகிறது. ஹென்றி என்பவர் பார்த்துவிட்டு 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணம் கொடுக்கிறார். பகலுக்கு மட்டும்தான், இரவில் தங்கக் கூடாது. பரிமாறிக்கொண்ட கடிதங்களில் முடிசூட்டு என்ற சொல்லே இல்லை. ஜூன் 24 அன்று மன்னருக்குக் குடல்வால் கோளாறுக்கு அறுவை சிகிச்சை, ஊர்வலம் தள்ளிப்போயிற்று. மிச்சம் 50 பவுண்டு கேட்டு வழக்கு. அறை எரியவில்லை, ஜன்னல் உடையவில்லை, ஹென்றி தாராளமாக வந்து உட்கார்ந்து காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் கொடுக்க வேண்டியதில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஊர்வலம்தான் ஒப்பந்தத்தின் அடித்தளம் என்று இரண்டு பேருக்குமே தெரியும் என்பது காரணம்.

அதே வருடம், அதே நீதிபதிகள் முன்னால் இன்னொரு வழக்கு. விழாவை ஒட்டி ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் மன்னர் கடற்படையைப் பார்வையிடுவதாக இருந்தது. பயணிகளை ஏற்றிக் காட்டலாம் என்று ஹட்டன் என்பவர் 250 பவுண்டுக்கு ஒரு நீராவிக் கப்பலை அமர்த்தினார். பார்வையிடல், கடற்படையைச் சுற்றி ஒரு நாள் பயணம் என்று இரண்டுமே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. மன்னர் வரவில்லை, போர்க்கப்பல்கள் அங்கேயே நங்கூரமிட்டு நின்றன. ஹட்டன் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு! காரணத்தை எழுதாதவர் தப்பித்தார், எழுதி வைத்தவர் மாட்டினார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முழுத் திருப்தியோடு எழுந்த சட்ட மாணவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் வாசிப்பு இது. ஹென்றி வாங்கியது ஒரு காட்சியை. பகலுக்கு மட்டும் 75 பவுண்டு என்ற தொகைக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஹட்டனோ வியாபாரம் செய்ய ஒரு கப்பலை வாங்கினார். டிக்கெட் விற்குமா விற்காதா என்பது அவர் வியாபாரத்தின் ரிஸ்க், கப்பல்காரருடையது அல்ல. ஹென்றியின் வழக்கிலேயே நீதிபதி வாகன் வில்லியம்ஸ் ஒரு எடுத்துக்காட்டு சொன்னார்: டெர்பி குதிரைப் பந்தய நாளில் எப்சம் போக, கூடுதல் கட்டணத்துக்கு ஒருவர் வண்டி பேசுகிறார், பந்தயம் ரத்தாகிறது. வண்டிக்கூலி கொடுக்கத்தான் வேண்டும். வண்டிக்காரர் விற்றது பயணம், பந்தயமல்ல. எதை விற்றீர்கள், எதை வாங்கினீர்கள் என்பதில்தான் ரிஸ்க் ஒளிந்திருக்கிறது.

இனி, நடைமுறையில் அதிகம் வரும் விஷயம்: முடியும், ஆனால் கட்டுப்படியாகாது. இங்கே சட்டத்துக்கு ஈவிரக்கம் ரொம்பக் குறைவு. 78 வீடுகளை 8 மாதத்தில் கட்டித் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனம் இங்கிலாந்தில் ஒப்புக்கொண்டது. போருக்குப் பிந்தைய ஆள் பற்றாக்குறையில் 22 மாதம் இழுத்து, நஷ்டத்தில் முடிந்தது. பழைய ஒப்பந்தம் செத்துவிட்டது, செலவைப் பார்த்துக் கூலி கொடுங்கள் என்று கேட்டார்கள். அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1956இல் கைவிரித்துவிட்டது. கஷ்டமும் கூடுதல் செலவும் போதாது, நான் செய்வதாக ஒப்புக்கொண்டது இதுவல்லவே என்று சொல்லும் அளவுக்குக் கடமையே வேறொன்றாகியிருக்க வேண்டும் என்பது ராட்கிளிஃப் பிரபு வைத்த அளவுகோல். தாமதமான வீடும் அதே வீடுதான்.

அந்த 1956இலேயே சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. சூடான் துறைமுகத்திலிருந்து ஹாம்பர்குக்கு 300 டன் நிலக்கடலை அனுப்ப வேண்டிய விற்பனையாளர், கால்வாய் இல்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை என்றார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் தூரம் இரண்டரை மடங்கு, கப்பல் கூலி ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருந்தும் அவர் தோற்றார். சரக்கு அழுகுவதல்ல, குறிப்பிட்ட நாளில் சேர வேண்டும் என்றும் பேச்சில்லை, கூலி விற்பவர் பொறுப்பு என்று விலையிலேயே அடங்கிவிட்டது. அப்படியானால் எவ்வளவு ஏறினால்தான் போதும்? எண் சொன்ன நீதிமன்றம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் 1916இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நிலத்தடி நீருக்கு அடியில் கிடந்த சரளையை அள்ள வழக்கமான செலவைப் போல் 10, 12 மடங்கு ஆகும் என்ற நிலையில், அது முடியாது என்பதற்குச் சமம் என்று விடுவித்தது. இரண்டுக்கும் பத்துக்கும் நடுவே உள்ள பெரிய வெற்றிடத்தில்தான் வக்கீல்கள் பிழைக்கிறார்கள்.

இந்தியாவில் அடிப்படை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு: பிறகு நிறைவேற்ற முடியாமல் போகும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். முடியாமை என்றால் உடலால் முடியாமை மட்டுமா? சத்யபிரதா கோஷ் எதிர் முக்னீராம் பாங்கூர் வழக்கில் நீதிபதி பி.கே. முகர்ஜி இதற்கு விரிவாகப் பதில் சொன்னார். தரப்புகள் மனதில் வைத்த நோக்கத்தையே சாய்க்கும் அளவுக்கு நடைமுறைக்கு ஒவ்வாமல் போனாலும் அது முடியாமைதான் என்றார். கேட்க தாராளமாக இருக்கும். அந்த வழக்கின் முடிவைப் பாருங்கள்: கல்கத்தாவில் மனை போட்டு விற்கத் திட்டமிட்ட நிலத்தைப் போர்க்கால அரசு கையகப்படுத்தியிருந்தது, ஆனாலும் ஒப்பந்தம் முடிந்துபோகவில்லை என்றே தீர்ப்பு. கையகப்படுத்தல் தற்காலிகம், ஒப்பந்தத்தில் கெடுவும் இல்லை, போர் நடக்கும் காலத்தில் இப்படியெல்லாம் ஆகலாம் என்பது தெரியாததுமல்ல.

2017இல் வந்த எனர்ஜி வாட்ச்டாக் தீர்ப்பு இதன் இன்றைய உருவம். இந்தோனேசிய நிலக்கரியை நம்பி நீண்டகால ஒப்பந்தத்தில் மின்சாரம் விற்ற நிறுவனங்கள், அந்நாடு 2010இல் கொண்டுவந்த விதியால் ஏற்றுமதி விலை கூடிவிட்டது, எங்கள் கட்டணத்தைத் திருத்துங்கள் என்றன. நீதிபதி நரிமன் எழுதிய தீர்ப்பு மறுத்துவிட்டது. எரிபொருளை எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குவது என்பது ஏலம் கேட்டவர்கள் பாடு. நிலக்கரி கிடைக்காமல் போகவில்லை, விலைதான் கூடியது. இந்தத் தீர்ப்பில் ஒரு வரைபடமும் கிடைக்கிறது. ஒப்பந்தத்திலேயே ஃபோர்ஸ் மெஜூர் ஷரத்து இருந்தால் விஷயம், எதிர்கால நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தங்களைப் பற்றிய 32ஆம் பிரிவின் கீழ் அந்த ஷரத்தின்படியே தீரும். ஷரத்து தொடாத நிகழ்வுக்குத்தான் 56ஆம் பிரிவு.

சரி, ஷரத்துக்கு வருவோம். பொதுவாக இப்படி இருக்கும்: "இயற்கைப் பேரிடர், போர், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு மற்றும் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட இதுபோன்ற பிற காரணங்களால் கடமையை நிறைவேற்றுவது தடுக்கப்பட்டால், 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிக்கும் தரப்பு, அந்தத் தடை நீடிக்கும்வரை பொறுப்பேற்காது, பணம் செலுத்தும் கடமைக்கு இது பொருந்தாது." வேகமாகப் படித்தால் எல்லாவற்றுக்கும் குடை மாதிரி தெரியும். மெதுவாகப் படியுங்கள். தொற்றுநோய் பட்டியலில் இல்லை. அதை "அரசு உத்தரவு" வழியாகவோ "இதுபோன்ற பிற" வழியாகவோ உள்ளே நுழைக்க வேண்டும். "இதுபோன்ற" என்ற சொல் முன்னால் சொன்னவற்றின் இனத்தையே சுட்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். "தடுக்கப்பட்டால்" என்பது முடியாமலே போவதைக் குறிக்கும். "தடைபட்டாலோ தாமதமானாலோ" என்றிருந்தால் வாசல் எவ்வளவோ அகலம். ஏழு நாள் அறிவிப்பு நிபந்தனை என்றால் எட்டாம் நாள் கொடுத்த கடிதம் வீண்தான். கடைசித் துண்டு, வாங்குபவரை முழுக்க வெளியே தள்ளிவிட்டது.

இன்னொன்று: நிகழ்வு நடந்தது போதாது, அந்த நிகழ்வால்தான் உங்களால் முடியவில்லை என்று காட்ட வேண்டும். எப்படியும் கையில் பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தவருக்கு வெள்ளம் வந்தது அதிர்ஷ்டமாகிவிடாது.

சமாளிக்க எவ்வளவு முயல வேண்டும் என்பதில் 2024இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்கு வியப்பு. சரக்கு ஏற்றக் கப்பலை அமர்த்தியவரின் தாய் நிறுவனத்தின் மீது அமெரிக்கத் தடை விழுந்ததால் டாலரில் பணம் கட்டுவது சிக்கலானது. யூரோவில் தருகிறேன், மாற்றுச் செலவும் என்னுடையது என்றார். கப்பல்காரர் ஃபோர்ஸ் மெஜூர் என்று ஒதுங்கிக்கொண்டார். நியாயமான முயற்சி எடுத்தால் தவிர்க்கக்கூடிய தடை ஃபோர்ஸ் மெஜூர் ஆகாது என்று ஷரத்து இருந்தும் கப்பல்காரரே வென்றார். ஒப்பந்தம் டாலர் என்றால் டாலர்தான். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்றுக்கொள்வது நியாயமான முயற்சியில் சேராது. எனக்கு இது கொஞ்சம் வறட்டுத்தனமாகப் படுகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் நிச்சயத்தன்மை வேண்டும் என்ற வாதமும் லேசானதல்ல.

தடை நீங்களே தேர்ந்தெடுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்கும் ஒரு கப்பல் கதை உண்டு. எண்ணெய்த் துரப்பண மேடை ஒன்றை சூப்பர் சர்வன்ட் ஒன்று அல்லது இரண்டு என்ற கப்பலில் ஏற்றிக் கொண்டுபோவதாக ஒப்பந்தம். இரண்டாவது 1981இல் மூழ்கியது. முதலாவது ஏற்கெனவே வேறு வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் கப்பலை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் முடிவு, ஆகவே ஃப்ரஸ்ட்ரேஷன் இல்லை என்றது 1990 தீர்ப்பு. இருக்கும் சரக்கு எல்லாருக்கும் போதாத நிலையில் ஆங்கிலச் சட்டம் விற்பவருக்கு உதவாது என்று இதிலிருந்து தெரிகிறது. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்போ, அந்த நிலையில் இருப்பதை வாடிக்கையாளர்களிடையே நியாயமாகப் பங்கிடச் சொல்கிறது. எனக்கு அதுவே புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைமாறிய பணம்? முடிசூட்டு வழக்குகளில் இன்னொருவர் அறைக்கு 100 பவுண்டு முன்கூட்டியே கட்டியிருந்தார், 41 பவுண்டு 15 ஷில்லிங் பாக்கி. ஊர்வலம் ஒத்திப்போவதற்கு முன்பே அந்தப் பாக்கி செலுத்த வேண்டியதாகிவிட்டது என்பதால், கட்டியதும் போயிற்று, பாக்கியையும் கட்டச் சொன்னார்கள். இந்த அநியாயம் 1942வரை நின்றது. போலந்து நிறுவனம் ஒன்று இயந்திரத்துக்காகக் கொடுத்த 1,000 பவுண்டு முன்பணத்தை, போரால் ஒப்பந்தம் முடிந்ததால், திருப்பித் தரச் சொன்னது பிரபுக்கள் சபை. அதிலும் ஒரு குறை: இயந்திரம் செய்யச் செலவழித்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் வந்த சட்டம், செலவைக் கழித்துக்கொள்ள அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. இந்தியாவில் 65ஆம் பிரிவு நேரடியானது: செல்லாமல் போன ஒப்பந்தத்தில் பெற்ற பயனைத் திருப்பிக் கொடு, அல்லது ஈடு செய்.

கவனியுங்கள், இதுவரை சொன்ன எதிலும் நடுவழி இல்லை. ஒப்பந்தம் முழுசாக இருக்கும், அல்லது முழுசாகப் போகும். விலையைக் கொஞ்சம் கூட்டிக்கொடு என்று சொல்லும் அதிகாரத்தை இந்த மரபில் நீதிபதி எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பாக் கண்டத்தில் வேறு கதை, அதுவும் பிரான்ஸில் ஒரே நாட்டுக்குள் இரண்டு கதை. கிரபோன் கால்வாய்ப் பாசனக் கட்டணம் 1560களில் நிர்ணயமாகி, முந்நூறு வருடம் கழித்தும் அதே 3 சோல் காசாக இருந்தது. கீழ் நீதிமன்றம் கூட்டியது. உயர்முறையீட்டு நீதிமன்றம் 1876இல் அதை அடித்துவிட்டது: எத்தனை காலம் ஓடினாலும், எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், நீதிபதி ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது. ஆனால் அரசு ஒப்பந்தங்களைப் பார்க்கும் கோன்சேய் தெத்தா என்ற உயர் நிர்வாக நீதிமன்றம் 1916இல் போர்தோ எரிவாயு நிறுவனத்தின் வழக்கில் வேறு வழி கண்டது. நிலக்கரி 1915 ஜனவரியில் டன் 35 ஃபிராங்க். 1916 மார்ச்சில் 117. நிறுவனம் விளக்கெரியவிட்டுச் சேவையைத் தொடர வேண்டும், அசாதாரண நஷ்டத்தில் ஒரு பகுதியை நகராட்சி ஏற்க வேண்டும். விளக்கு அணைந்தால் நஷ்டம் ஊருக்கு என்பதால் இந்த இளக்கம். தனியார் ஒப்பந்தங்களுக்கு இது வர நூறு வருடம் ஆயிற்று: 2016இல் சேர்ந்த 1195ஆம் விதிப்படி, கட்டுப்படியாகாத நிலைக்குத் தள்ளப்பட்டவர் முதலில் மறுபேச்சுக்கு அழைக்கலாம், அதுவரை கடமையைத் தொடர வேண்டும், பேச்சு முறிந்தால் நீதிபதி திருத்தலாம் அல்லது முடித்துவைக்கலாம். ரிஸ்க்கை ஏற்றுக்கொண்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஜெர்மனி 1923 பணவீக்கத்தில் அடிபட்டே இதைக் கற்றது; செல்லாக்காசைக் கொடுத்து அடமானக் கடனை அடைக்கப் பார்த்தவர்களை உச்ச நீதிமன்றம் அப்போது தடுத்தது. 2002இல் அந்த அனுபவம் குடியியல் சட்டத்தின் 313ஆம் பிரிவாக ஏறியது.

எது சரி? ஒரு சரக்கை ஒரு தடவை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு ஆங்கில முறையின் கறார்த்தனம் பொருத்தம். அவர்கள் விலையில் பந்தயம் கட்டத்தான் வருகிறார்கள். யார் குறைந்த செலவில் முன்கூட்டிப் பார்த்திருக்கலாம், தடுத்திருக்கலாம், காப்பீடு எடுத்திருக்கலாம் என்று பார்த்து அவர் தலையில் போடு என்று 1977இல் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் போஸ்னரும் ரோசன்ஃபீல்டும் முன்வைத்த கருத்து அங்கே நன்றாக வேலை செய்கிறது. 25 வருட மின் ஒப்பந்தத்தில் அது தடுமாறும். 20 வருடம் தள்ளி வரப்போகும் ஒரு வெளிநாட்டு விதியை முன்கூட்டிப் பார்க்கத் தோதானவர் யார்? யாருமில்லை. அத்தகைய ஒப்பந்தங்களில் விலைத் திருத்த ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடுவது, என் கணக்கில், வரைந்தவரின் பிழை. ஃபோர்ஸ் மெஜூர் ஷரத்தை எவ்வளவு நீட்டினாலும் விலையேற்றத்துக்கு அது மருந்தாகாது. குறிப்பிட்ட ஒரு விலைக் குறியீடு, அது இத்தனை சதவீதம் தாண்டினால் விலை எப்படி நகரும், எந்த உச்சத்துக்கு மேல் இரு தரப்பும் விலகலாம் என்று எண்களில் எழுத வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு: ஃபோர்ஸ் மெஜூர் என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு வேலையை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்தான செயல். உங்கள் வாசிப்பு தவறென்று பின்னால் தீர்ப்பானால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான், எதிர்த்தரப்பு வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கிய வித்தியாசமும் உங்கள் கணக்கில் ஏறும். அறிவிப்பைக் கெடுவுக்குள் அனுப்புங்கள். எந்த நிகழ்வு எந்தக் கடமையை எப்படித் தடுத்தது என்று நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். மாற்று வழி தேடியதற்கான விலைப்புள்ளிகளையும் மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்துங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டு முடிந்த பகுதியைச் செய்துகொண்டே பேச்சுக்கு அழையுங்கள். எதிர்த்தரப்புக்கும் நீங்கள் திவாலாவதைவிட ஐந்து சதவீதம் கூட்டிக்கொடுப்பது லாபமாக இருக்கலாம். அந்தக் கணக்கை அவர்கள் மேசையில் போட்டுக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.